லென்ஸைத் திருப்பி மாட்டினா ஒரே இருட்டு, உதவி தேவை

கல்உப்பு:
ரிவர்ஸ் ரிங் (லென்ஸை முன்பின்னா மாட்ட உதவற வளையம்) வாங்கி, கேமராவோட வந்த கிட் லென்ஸைத் திருப்பி மாட்டியாச்சு. வியூஃபைண்டர்ல ஒரே கருப்பு. ஜன்னல் பக்கம் காட்டினா மட்டும் ஏதோ கலங்கலா தெரியுது. ஃபோகஸ் ரிங்கைத் திருகினாலும் ஒண்ணும் மாறல. ஷட்டரும் விழ மாட்டேங்குது. உப்புக் கல்லைக் கிட்டத்துல எடுக்கணும், அவசரம்.

தும்பி:
எந்த கேமரா? எந்த லென்ஸ்? மோடு டயல் எதுல இருக்கு?

இருட்டறை:
தேடிப் பார்த்துட்டுக் கேட்டா நல்லது, இதெல்லாம் அரிச்சுவடி. லென்ஸை நேரா மாட்டி, ஏவி மோடுல எஃப்/8 வைங்க (எஃப் எண் ஏற ஏற துளை சின்னதாகும்). டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ பட்டனை (துளையை முன்கூட்டியே சுருக்கிக் காட்டற பட்டன்) அமுக்கிப் பிடிச்சபடியே கழட்டுங்க. அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையற துளை, அங்கேயே நின்னுடும்.

வில்லை:
அது கேனான் வைத்தியம். கேனான் லென்ஸ் சும்மா கழட்டினா முழுசாத் திறந்துதான் இருக்கும், இருட்டே வராது. இது நிக்கான் ஜி லென்ஸ் (அப்பர்ச்சர் வளையம் இல்லாத வகை) மாதிரி இருக்கு. மாடலைச் சொல்லுங்க.

கல்உப்பு:
நிக்கான் டி3500. கூட வந்த 18-55 மி.மீ. ஜூம்.

வில்லை:
அப்போ அதேதான். ஜி லென்ஸைக் கேமராவிலிருந்து எடுத்ததும் ஸ்பிரிங் அப்பர்ச்சர் இதழ்களை முழுசா மூடிடும். லென்ஸோட பின்பக்கம், மவுண்ட் ஓரத்துல சின்ன உலோக நெம்பு ஒண்ணு இருக்கும். விரலால தள்ளினா துளை திறக்கும், விட்டா மூடும். விசிட்டிங் கார்டுல மெல்லிசா ஒரு கீற்று வெட்டி, மடிச்சு, அந்த நெம்பு ஓடுற பள்ளத்துல செருகுங்க. துளையோட விட்டம் முழுத் திறப்புல பாதி இருக்கணும். பாதின்னா ரெண்டு ஸ்டாப் (வெளிச்சம் ரெண்டு தடவை பாதியாகும்), 18ல எஃப்/7, 55ல எஃப்/11 பக்கம் வந்துடும். தீக்குச்சி வேண்டாம், சிம்பு உடைஞ்சு கண்ணாடி மேல விழும். பசையும் வேண்டாம்.

ஷட்டருக்கு டயலை எம்-ல (மேனுவல்) வைங்க. லென்ஸ் இருக்கறதே கேமராவுக்குத் தெரியாது, மத்த மோடுல விழாது. வெளிச்சத்தை அளக்கற மீட்டரும் வேலை செய்யாது. 1/200, ஐஎஸ்ஓ 400ல ஆரம்பிச்சு, படத்தைப் பார்த்து மாத்துங்க.

ஃபோகஸ் ரிங்கை மறந்துடுங்க. லென்ஸுக்கும் உப்புக்கும் நாலஞ்சு செ.மீ.தான் இடைவெளி. கேமராவை முன்ன பின்ன நகர்த்தினாத்தான் ஃபோகஸ். முதல்ல 55ல வைங்க. 18 பக்கம் போகப் போக உருப்பெருக்கம் ஏறும், கை நடுக்கமும் கூடவே ஏறும்.

தும்பி:
எதுக்கு அட்டை? மூடினபடியே விட்டா எஃப்/22 இல்லைன்னா அதுக்கும் மேல, ஆழம் (முன்பின் ஃபோகஸ்ல இருக்கற பகுதி) நிறைய கிடைக்கும். டார்ச் அடிச்சா வெளிச்சம் போதும்.

வில்லை:
ஆழம் கிடைக்கும், கூர்மை போயிடும். ரெண்டு மடங்கு உருப்பெருக்கத்துல எஃப்/22 தோராயமா எஃப்/66 மாதிரி நடந்துக்கும் (உருப்பெருக்கத்தோட ஒண்ணைக் கூட்டிப் பெருக்கணும், 22 × 3). உப்போட விளிம்பு மாவு பூசின மாதிரி வரும். எஃப்/8னா 24, அது பரவாயில்லை.

இருட்டறை:
ரிவர்ஸ் ரிங்கே தேவையில்லாத வேலை. எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல போடற வெற்றுக் குழாய்) வாங்குங்க. பின் கண்ணாடி வெளிய நீட்டிக்கிட்டு தூசி தின்னாது.

வில்லை:
தூசி விஷயம் சரி. ஆனா காண்டாக்ட் (கேமராவையும் லென்ஸையும் இணைக்கற மின் தொடர்பு) இல்லாத மலிவு டியூப்ல இதே ஜி லென்ஸ் இதே மாதிரி மூடிக்கும். 18ல டியூப் போட்டா ஃபோகஸ் தளம் லென்ஸுக்கு உள்ளேயே விழும். ஒண்ணுக்கு ஒண்ணைத் தாண்டின உருப்பெருக்கத்துல லென்ஸைத் திருப்பறதுதான் முறை. படத் தளம் பொருளைவிட தூரமாயிடுது, கிட்டப் பக்கம் பார்க்கன்னு வடிவமைச்ச கண்ணாடி பொருளைப் பார்க்கணும்.

இருட்டறை:
காண்டாக்ட் உள்ள டியூப்பும் கிடைக்குது.

தும்பி:
உருப்பெருக்கம் எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

வில்லை:
ஸ்கேலைப் படம் எடுங்க. டி3500 சென்சார் அகலம் 23.5 மி.மீ. படத்துல 12 மி.மீ. தெரிஞ்சா ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

கல்உப்பு:
எம்-ல ஷட்டர் விழுது. அட்டை வெச்சதும் வெளிச்சம் வந்துடுச்சு. பாப்-அப் ஃபிளாஷ் போட்டா மட்டும் பாதிப் படம் கருப்பு. நன்றி.

வில்லை:
அது லென்ஸோட நிழல். ஃபிளாஷ் மெனுவுல மேனுவல், 1/4. ஃபிளாஷ் முன்னாடியிருந்து லென்ஸ் முனை வரைக்கும் வெள்ளைத் தாளைக் கூரை மாதிரி சாய்ச்சு ஒட்டுங்க, வெளிச்சம் மேலிருந்து இறங்கும்.

தும்பி:
55லயா எடுத்தீங்க, 35லயா? படத்தைப் போடுங்க.