அப்டேட் தள்ளிப்போய்விட்டது, கையில் இருக்கும் பீட்டாவைப் போடலாமா?

மழைக்குருவி:
மூன்று வருடமாக ஒரே குறிப்புச் செயலியைத்தான் பயன்படுத்துகிறேன், கிட்டத்தட்ட நாலாயிரம் குறிப்புகள் அதில் இருக்கின்றன. சில மாதங்களாக போனில் எழுதுவது கணினிக்கு வந்து சேர ஒரு நாள்கூட ஆகிறது, சில சமயம் ஒரே குறிப்பு இரண்டாக வந்து நிற்கிறது. கருவிகளுக்கிடையே குறிப்புகளை ஒத்துப்போகச் செய்யும் சின்க் பகுதியையே திரும்ப எழுதியிருக்கிறோம், புது வெர்ஷனில் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள், நானும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியீட்டுக்கு முந்தைய இரவு இரண்டு வரியில் ஓர் அறிவிப்பு: கடைசி நேரத்தில் ஒரு பக் தெரியவந்ததால் தள்ளி வைக்கிறோம். என்ன பக், இனி எப்போது, ஒன்றும் இல்லை.

பாதிப் பேர் சந்தாவை நிறுத்தப்போகிறேன் என்று கொதிக்கிறார்கள், மீதிப் பேர் நிதானமாக வரட்டும் என்கிறார்கள். என் கேள்வி வேறு. போன வாரம் பீட்டா ஆட்களுக்கு, அதாவது முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பவர்களுக்கு, கொடுத்த பில்ட்தான் (தயாரித்த பதிப்புதான்) அப்படியே வெளியாக இருந்தது, அதை இப்போதும் இறக்க முடிகிறது. அதைப் போட்டுக்கொண்டால் என்ன? சரிப்படாவிட்டால் பழையதற்குத் திரும்பிவிடலாம்தானே?

கூழாங்கல்:
நானும் அதே சந்தாதாரர்தான், எனக்குக் கோபம் தாமதத்தின் மேல் இல்லை, அந்த இரண்டு வரியின் மேல். உபுண்டு என்ற இயங்குதளத்தின் 24.04.1 வெளியீட்டை 2024 ஆகஸ்டில் இரண்டு வாரம் தள்ளினார்கள், பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்துவதில் பெரிய பக்குகள் இருக்கின்றன என்று சொல்லி ஆகஸ்ட் 29 என்று புதுத் தேதியும் கொடுத்தார்கள். அப்படிச் சொன்னால் காத்திருக்க யாருக்கும் கஷ்டம் இல்லை.

நிரல்காவல்:
மழைக்குருவி, தயவுசெய்து போடாதீர்கள். எந்த பக்குக்காக வெளியீட்டை நிறுத்தினார்களோ அது இருப்பதே அந்த பில்டில்தான். 2018 ஏப்ரலில் விண்டோஸ் 10-க்கு இதேதான் நடந்தது. 17133 என்ற பில்ட்தான் இறுதி என்று எல்லோரும் நினைத்திருந்தோம், இன்சைடர் என்ற சோதனைத் திட்டத்தில் இருந்த ஆட்களிடம் அது ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கணினி முடங்கி நீலத்திரை வரும் விகிதம் அதிகமாகலாம் என்று தெரிந்ததும் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டு 17134 என்று புதிதாக பில்ட் செய்து ஏப்ரல் 30-ல் கொடுத்தது. அப்போதும் தாமதத்துக்காகப் புலம்பியவர்கள் உண்டு. அதே வருடம் அக்டோபர் 2-ல் அடுத்த அப்டேட்டை வெளியிட்டார்கள், சிலருடைய டாக்குமெண்ட்ஸ் போன்ற போல்டர்களில் இருந்த கோப்புகளே அழிந்துபோயின, சில நாளிலேயே நிறுத்திவிட்டு நவம்பர் 13-ல்தான் மறுபடி தந்தார்கள். இதில் என்னை ரொம்ப வருத்தியது, சோதித்தவர்களில் சிலர் முன்கூட்டியே இதைப் புகாராக எழுதியிருந்தார்கள் என்பது. எண்ணிக்கை குறைவு என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. பிறகுதான் பாதிப்பு எவ்வளவு கடுமை என்று புகாரிலேயே குறிக்கும் வசதியைச் சேர்த்தார்கள்.

அப்புறம், பழையதற்குத் திரும்பலாம் என்று நினைக்கிறீர்களே, பெரும்பாலும் அது நடக்காது. சின்க்கைத் திரும்ப எழுதினால் குறிப்புகளைச் சேமிக்கும் அமைப்பும் மாறியிருக்கும், புது வெர்ஷன் ஒரு தடவை திறந்தவுடனேயே டேட்டாபேஸைப் புது வடிவத்துக்கு மாற்றிவிடும், அதற்குப் பிறகு பழைய வெர்ஷனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. இந்த மாதிரி வேலையில் சோதனைப் பக்கம் சில வருடம் இருந்திருக்கிறேன். பக்கைத் திருத்த அரை நாள் போதும், திருத்தியது வேறு எதையும் உடைக்கவில்லை என்று உறுதி செய்யத்தான் வாரக்கணக்காகும். தேதி சொல்லாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் என்ன பக் என்று சொல்லாததற்கு அது காரணம் ஆகாது, அந்த விஷயத்தில் கூழாங்கல் சொல்வதுதான் சரி.

வெண்பனி:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், செயலி எது என்பது வேண்டாம். உங்களைப் போலவே அவசரப்பட்டு பீட்டாவைப் போனில் போட்டேன். அது சில குறிப்புகளை வெறுமையாகப் படித்தது, அந்த வெறுமையையே "புதிய மாற்றம்" என்று எடுத்துக்கொண்டு சின்க் மற்ற எல்லாக் கருவிக்கும் அனுப்பிவிட்டது. காலையில் பார்த்தால் கணினியிலும் காலி. அம்மா கடைசி முறை மருத்துவமனையில் இருந்தபோது நான் தினமும் எழுதி வைத்த குறிப்புகள் அதில் இருந்தன, திரும்பவே இல்லை. சின்க் என்பது பேக்கப் இல்லை, ஓர் இடத்தில் அழிந்தால் எல்லா இடத்திலும் அழியும்.

கூழாங்கல்:
வெண்பனி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. இன்றைக்கே என்னுடையதையும் எடுத்து வைக்கிறேன்.

இரட்டைவால்:
எல்லோரும் தாமதத்தை ஆதரிக்கிறீர்கள், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். புது வசதிகளோடு பாதுகாப்புத் திருத்தங்களும் ஒரே மூட்டையாக வருகிறதா என்று பாருங்கள். அப்படி என்றால் வசதி தள்ளிப்போகும்போது ஓட்டையை அடைக்கும் வேலையும் தள்ளிப்போகிறது, அதைத் தனியாகக் கொடுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மற்றபடி பாதுகாப்புக்காகவே தள்ளிப்போடுவதும் உண்டு. 2022-ல், இணையத் தொடர்பைப் பாதுகாக்கப் பல மென்பொருள்கள் நம்பியிருக்கும் ஓபன்எஸ்எஸ்எல்-இல் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, நவம்பர் 1-ல் திருத்தம் வரும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள், ஃபெடோரா 37 என்ற இயங்குதளத்தின் குழு அந்தத் திருத்தம் கைக்கு வரட்டும் என்று காத்திருந்து நவம்பர் 15-ல்தான் வெளியிட்டது.

மழைக்குருவி:
எல்லோருக்கும் நன்றி, பீட்டாவைப் போடவில்லை. வெண்பனி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இறக்கி வைத்திருந்த கோப்பையும் அழித்துவிட்டேன். நாலாயிரம் குறிப்புகளையும் எந்த வடிவத்தில் எடுத்து வைப்பது நல்லது? செயலியின் சொந்த வடிவத்திலும் தருகிறது, சாதாரண உரைக் கோப்பாகவும் தருகிறது.

நிரல்காவல்:
இரண்டிலும் எடுங்கள். முதலில் எல்லாக் கருவியிலும் சின்க்கை நிறுத்துங்கள், எடுக்கும்போது பாதியில் எதுவும் மாறக்கூடாது. சொந்த வடிவத்தில் எடுத்தால் இணைப்புகள், படங்கள், குறிச்சொற்கள் தங்கும், உரைக் கோப்பு அந்தச் செயலியே நாளை இல்லாமல் போனாலும் திறக்கும். சின்க் ஆகும் போல்டருக்குள் வைக்காமல் தனி டிஸ்கில் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு பத்துக் குறிப்பையாவது திறந்து பாருங்கள், தமிழ் எழுத்து உடையாமல் வந்திருக்கிறதா என்று. அப்புறம், இரட்டையாக வருகிற குறிப்புகளைப் பற்றி அவர்களுக்கு எழுதும்போது எந்தக் கருவி, எத்தனை மணிக்கு, எந்த வரிசையில் திருத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

மழைக்குருவி:
எடுத்துவிட்டேன். பத்துக்கு முப்பதாகத் திறந்து பார்த்தேன், எழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டு குறிப்பில் படம் மட்டும் வரவில்லை, அவற்றைத் தனியாகச் சேமித்துக்கொண்டிருக்கிறேன்.