காண்ட்ரா நடனத்தின் 'ஃப்ளோ': ஓட்டமா, ஆற்றொழுக்கா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜோடிகள் நீண்ட வரிசைகளில் நின்று ஆடும் நாட்டுப்புற நடனமான காண்ட்ராவின் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பட்டியலைப் பற்றி நீங்கள் எழுதிய கேள்விகளும் என் பதில்களும் இவை.

> 'ஃப்ளோ'வுக்கு 'ஓட்டம்' போதாதா? எல்லாருக்கும் புரியுமே.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். 'இந்த ஆட்டத்தில் ஓட்டம் நன்றாக இருக்கிறது' என்றால் வேகமாக ஆடுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தின் காண்ட்ராவில் மெட்டின் ஒரு சுற்றுக்கு 64 எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு ஓரடி. பெரும்பாலும் வெறும் நடைதான். ஓர் அசைவு முடிகிற இடத்தில் நம் கையும் எடையும் முகமும் எந்தப் பக்கம் இருக்கின்றன, அடுத்த அசைவு அங்கிருந்தே கிளம்புகிறதா என்பதுதான் அவர்கள் சொல்லும் ஃப்ளோ.

மாசசூசெட்ஸில் இருந்த நாட்களில் ஆடிப் பார்த்ததைச் சொல்கிறேன். 'அலமாண்ட் லெஃப்ட்' என்றால் இருவரும் இடக்கையைப் பிடித்துக்கொண்டு இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். இருவருமே கொஞ்சம் வெளியே சாய்ந்து, பிடித்த கையில் எடையைக் கொடுத்திருப்போம். அது முடிந்ததும் அதே ஆளோடு, இருவரும் அணைத்துப் பிடித்து ஓரிடத்திலேயே சுழலும் 'ஸ்விங்' வந்தால், ஸ்விங் வலஞ்சுழி என்பதால் சுற்றிய வேகத்தை அடக்கி, நின்று, எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். ஓர் எண்ணிக்கை அதிலேயே போய்விடும். அன்று எங்கள் வரிசை முழுவதும் அந்த இடத்தில் தடுமாறியது. மாறாக, எதிரெதிரே இருக்கும் இருவர் வலக்கை கொடுத்து எதிர்ப்பக்கம் மாறும் 'செயின்' முடிவில் ஜோடியாக இடஞ்சுழியாகத் திரும்புகிறோமே, அப்போது இடக்கை ஏற்கெனவே முன்னால் இருக்கும். அடுத்தது நால்வரும் இடக்கையை நடுவில் கூட்டிச் சுற்றும் 'ஸ்டார்' என்றால், யாரும் யோசிக்கவே வேண்டாம். கை தானாகப் போகும்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யாப்புதான் நினைவுக்கு வருகிறது. நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் சேரும் இடத்தைத்தானே தளை என்கிறோம். மாமுன் நிரை, விளமுன் நேர் என்று பார்ப்பதும், இடஞ்சுழி முடிந்ததும் எந்தக் கை, எந்தப் பக்கம் என்று பார்ப்பதும் ஒரே வேலை. அதனால் இரண்டு அசைவுகள் கூடும் இடத்துக்குத் 'தளை' என்றும், கூடாமல் போனால் 'தளை தட்டுகிறது' என்றும் சொல்லலாம். முழு ஆட்டத்தின் ஃப்ளோவுக்கு 'ஆற்றொழுக்கு'. சூத்திரங்கள் ஒன்றையடுத்து ஒன்று இடையறாமல் செல்வதற்கு நன்னூல் வைத்த பெயர் அது. 'ஆற்றொழுக்கான நடை' என்று இன்றும் எழுதுகிறோம். புதிதாக எதையும் உருட்ட வேண்டியதில்லை.

> தளை என்றால் விலங்கு. ஆடுகிறவர் காலில் விலங்கா?

வெண்பா எழுதுகிற யாரும் அப்படி நினைப்பதில்லை, அக்கா. தளை சரியாக இருந்தால்தான் செப்பலோசை வருகிறது.

> 'காலர்' என்பதற்கு நட்டுவனார் இருக்கிறாரே?

அடுத்து வரும் அசைவின் பெயரை ஆடுகிறவர்களுக்கு உரக்கச் சொல்பவர்தான் காலர். ஆனால் காலர் என்று தமிழில் எழுதினால் சட்டைக் காலர்தான், அதை விட்டுவிடலாம். நட்டுவனார் சொல்லும் சொற்கட்டு அடியோடு சேர்ந்து விழும். காண்ட்ராவில் இவர் சொல்வது அடிக்கு முன்னால் விழ வேண்டும். 8 எண்ணிக்கை அசைவு என்றால், அதன் கடைசி நான்குக்குள் அடுத்ததன் பெயரைச் சொல்லி முடித்துவிடுவார். முடிந்த கணம் ஆடுகிறவர் கிளம்புகிறார். சில சுற்றுகள் போனதும் சொல்லைக் குறைத்துக்கொண்டே வந்து, அப்புறம் பேசாமல் நின்றுவிடுவார். ஆற்றொழுக்கான ஆட்டம் என்றால் அந்த மௌனம் சீக்கிரமே வரும். கதைசொல்லி போல 'முன்சொல்லி' என்பது என் பரிந்துரை.

இந்தச் சொற்கள் புழங்கப்போகும் இடத்தையும் பாருங்கள். நடனம் அமைப்பவர்கள் ஆட்டத்தை ஒரு சிறு அட்டையில், 16 எண்ணிக்கை கொண்ட நான்கு பகுதிகளாக எழுதி, ஆட்டத்தின் பெயரும் அமைத்தவர் பெயரும் போட்டுப் பகிர்ந்துகொள்கிறார்கள். வேறொரு ஊர் முன்சொல்லி அதை வாங்கி நடந்து பார்த்துவிட்டு, 'மூன்றாம் பகுதி தொடங்கும் இடத்தில் தளை தட்டுகிறது' என்று ஒரு வரி எழுதினால் போதும். அமைத்தவருக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். 'ஓட்டம் சரியில்லை' என்று எழுதினால் அவர் 64 எண்ணிக்கையையும் தேட வேண்டியிருக்கும்.

ஸ்விங், அலமாண்ட், டோசிடோ ஆகிய அசைவுப் பெயர்களை அப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அரங்கில் காதில் விழப்போகும் சொற்கள் அவை. மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் தளை, ஆற்றொழுக்கு, முன்சொல்லி மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்