ஜீப் முன் சக்கர ஹப்பை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

ஏலக்காட்டு ஜீப்:
வணக்கம். என்னிடம் இருப்பது பழைய மகேந்திரா எம்.எம். 540, 4x4. போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வருவதுதான் அதன் பிழைப்பு. பத்து நாளாக முன்பக்க இடது சக்கரத்திலிருந்து ஊ என்று ஓர் இரைச்சல், வேகம் நாற்பதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்பதில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினால் நன்றாகவே ஆடுகிறது. பட்டறையில் ஹப் (பேரிங் மேல் சக்கரத்தோடு சுற்றும் நடுக்குடம்) போய்விட்டது, இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், நாலு நாள் வண்டியை விட்டுப் போங்கள் என்கிறார்கள். காய் எடுக்கும் நேரத்தில் நாலு நாள் எங்கே விடுவது? பைக் வேலை எல்லாம் நானே பார்ப்பேன், ஜீப்பில் பிரேக் லைனர்கூட மாற்றியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் வைத்து நானே மாற்றிவிடலாமா?

கிரீஸ் கை:
மாற்றலாம். ஆனால் ஹப்தானா என்று முதலில் பாருங்கள். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காமல் அப்படியே ஆடினால் கிங்பின் பேரிங், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணியின் பேரிங். கிங்பின் ஆட்டத்துக்கு ஹப்பை மாற்றிவிட்டு, பிறகும் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.
பேரிங்தான் என்றால், பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, ஆறு போல்ட்டைக் கழற்றி ஃபிளாஞ்சை, அதாவது அச்சையும் ஹப்பையும் இணைக்கும் தட்டை எடுங்கள். அச்சு முனையில் சர்க்ளிப் (வளையக் கிளிப்) இருக்கும், சில வண்டியில் நட்டு. உள்ளே இரண்டு பெரிய நட்டு, நடுவில் மடித்துவிட்ட லாக் வாஷர். உளி வைத்துத் தட்டிக் கழற்றாதீர்கள், அதற்கென்று பாக்ஸ் ஸ்பேனர் இருக்கிறது. பழைய ஜீப்புக்கு 2 1/16 அங்குலம், இருந்தாலும் உங்கள் நட்டை அளந்துவிட்டு வாங்குங்கள்.

லேத் பட்டறை:
அண்ணே சொன்னது சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். பேரிங் போனாலே ஹப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கிரீஸைத் துடைத்துவிட்டு ஹப்புக்குள் இருக்கும் கப்பை (பேரிங்கின் வெளி வளையம்) விரலால் சுற்றிப் பாருங்கள். அது சுற்றினால்தான் ஹப் காலி. சிலர் உள்ளே பஞ்ச் கருவியால் புள்ளி குத்தி கப்பை இறுக்கிக் கொடுப்பார்கள், மலைப்பாதையில் அது ரொம்ப நாள் தாங்காது. கப் அசையவில்லை என்றால் பேரிங், ஆயில் சீல், லாக் வாஷர் மூன்றும் புதிதாகப் போட்டால் போதும். பேரிங் உட்காரும் குழாயான ஸ்பிண்டிலையும் பாருங்கள், நீலம் பாய்ந்தோ பள்ளம் விழுந்தோ இருந்தால் புது ஹப் போட்டும் பிரயோஜனம் இல்லை.
சென்னை புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் ஹப் எடுப்பதாக இருந்தால் மரையைப் பார்த்து வாங்குங்கள். பழைய ஜீப்புகளில் இடது பக்கச் சக்கர போல்ட் தலைகீழ் மரை. அது தெரியாமல் ஸ்பேனரில் பைப்பை மாட்டி ஏறி மிதித்து போல்ட்டை முறித்தவர்கள் உண்டு.

மேட்டுப்பாதை:
நான் பண்ணிய கோமாளித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அழகாக மாட்டிவிட்டு, ஆடக் கூடாது என்ற பயத்தில் உள் நட்டை இருந்த பலத்தையெல்லாம் போட்டு இறுக்கினேன். குமுளி மலை பாதி ஏறுவதற்குள் கருகிய வாடை, ஹப்பைத் தொட்டால் கை பொத்துவிடும் போல் சூடு. புது பேரிங் அன்றோடு முடிந்தது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்க வேண்டும், பிடிக்க ஆரம்பித்ததும் ஆறில் ஒரு சுற்றுத் தளர்த்த வேண்டும். சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது. அப்புறம் வாஷர், வெளி நட்டு, கடைசியில் வாஷரை மடித்துவிடுவது. வெளி நட்டை இறுக்கும்போது உள் நட்டும் கொஞ்சம் நகரும், அதனால் இன்னொரு தடவை சுற்றிப் பாருங்கள்.
கிரீஸை மேலே தடவினால் போதாது. உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் ரோலர்களுக்கு நடுவே பிதுங்கி வரும்வரை ஏற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்காதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள்.

ஏலக்காட்டு ஜீப்:
எல்லோருக்கும் நன்றி. பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டது, கப்பும் அசையவில்லை, ஆக ஹப் தப்பித்தது. உள் பேரிங்கில்தான் ரோலர்கள் பொரிந்து கிடந்தன. இடது சக்கர நட்டு தலைகீழ் மரைதான், லேத் அண்ணன் சொல்லாவிட்டால் நானும் ஏறி மிதித்திருப்பேன். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது, மாலை நாலாகிவிட்டது, பாதி நேரம் பனியன் வேஸ்ட்டால் பழைய கிரீஸைத் துடைத்ததுதான். மெட்டு ஏறி இறங்கி வந்து தொட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பு. வலது பக்கத்தை அடுத்த ஞாயிறு பிரிக்கிறேன், அங்கே நக்கிளில் (சக்கரத்தைத் திருப்பும் மூட்டு) கிரீஸோடு கியர் ஆயில் கலந்து ஒழுகுகிற மாதிரித் தெரிகிறது.

கிரீஸ் கை:
அப்படியென்றால் ஆக்சில் குழாய்க்குள் இருக்கும் சீல் போயிருக்கிறது. அச்சை உருவினால்தான் அதை மாற்ற முடியும், எப்படியும் ஹப்பைக் கழற்றத்தானே போகிறீர்கள், சீலை சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.