பழைய வெள்ளி ஸ்பூன்ல முத்திரை பாத்து ஊரையும் செஞ்சவங்களையும் கண்டுபிடிச்ச அனுபவம் இருந்தா போடுங்க

மாடிவீடு:
லண்டன் போர்டோபெல்லோ ரோடு சனிக்கிழமை சந்தை, ஒரு பெரிய டேபிள் ஸ்பூன். காம்புக்குப் பின்னாடி குழிகிட்ட முத்திரைய நெருக்கி அடிச்சிருந்துச்சு, சிங்கம் (925 வெள்ளின்னு அர்த்தம்), கிரீடம் வெச்ச சிறுத்தைத் தலை (லண்டன் முத்திரை), வருஷ எழுத்து, அப்புறம் சாய்வெழுத்துல ஹெச் பி. வெள்ளிக்கு வரி கட்டியாச்சுன்னு அடிக்கற ராஜா தலை இல்ல, அப்போ 1784ல அந்த வரி வர்றதுக்கு முன்னாடி. லென்ஸ்ல அந்த ஹெச் வளைஞ்சு வர்றத பாத்ததும் எனக்கு படபடன்னு ஆயிருச்சு, ஹெஸ்டர் பேட்மேன்! புருஷன் போன அடுத்த வருஷமே, 1761ல, வெள்ளிய சோதிச்சு முத்திரை போடற லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹால்ல தன் பேர்ல முத்திரை பதிஞ்ச அம்மா. திருப்பிப் பாத்தா குழி பூரா திராட்சையும் பேரிக்காயும் புடைச்சு நிக்குது, தங்க முலாம் வேற. விக்டோரியா காலத்துல எவனோ பெர்ரி ஸ்பூனா அடிச்சு மாத்திட்டான். அந்தம்மா வேலையோட அழகே அந்த வெறுமைதான். வாங்காம வந்துட்டேன், இன்னும் மனசு ஆறல.

லாசப்பல்:
அண்ணை, அந்தப் பழ வேலைப்பாடும் நூறு வருசத்துக்கு மேல பழசுதானே, அதையும் ஒருத்தன் கையாலதான் அடிச்சவன், பழுதாக்கிட்டான் எண்டு சொல்லேலாது. என்ரை கதை பாரிஸ் சென்-துவான் சந்தையில. ஒரு கட்டுக் கரண்டி, எல்லாம் ஒரே வடிவு, எல்லாம் வெள்ளி எண்டார் விக்கிறவர். பாத்தா ஒண்டில மட்டும் பிரெஞ்சு வெள்ளி முத்திரையான மினர்வா தேவதை தலை, நெத்திக்கு முன்னால 1, அது 950, ஆயிரத்தில 950 பங்கு வெள்ளி. செய்தவன்ரை முத்திரை சாய்சதுரத்துக்குள்ள. மற்றதெல்லாத்திலயும் எழுத்து நேர்சதுரத்துக்குள்ள, அப்ப வெள்ளி பூசினது. நான் காட்டினவுடன அவர் ஒண்டும் கதைக்கேல்லை, அந்த ஒண்டை மட்டும் எடுத்துத் தன்ரை சட்டைப் பைக்குள்ள வச்சிட்டார்.

ராத்திரிரயில்:
ஹாம்பர்க்ல ஒரு ஸ்பூன், காம்பு நுனில குட்டி உருவம், பின்னாடி பாத்தா 17ம் நூற்றாண்டு மாதிரி முத்திரை. ஜெர்மனில ஹனாவ்ங்கற ஊர் சரக்கு. 19ம் நூற்றாண்டு கடைசில அந்த ஊர் பட்டறைங்க பழைய பாணில செஞ்சு, பழசு மாதிரியே முத்திரையும் சொந்தமா உருவாக்கி அடிச்சாங்க. அதனால எல்லாருக்கும் சொல்றேன், ஒரு முத்திரைய மட்டும் நம்பாதீங்க. பிரிட்டிஷ் வெள்ளின்னா ஊர் முத்திரையும் தேடுங்க, நங்கூரம்னா பர்மிங்ஹாம், கிரீடம்னா 1974 வரைக்கும் ஷெஃபீல்டு, கோட்டைன்னா எடின்பரோ. வருஷ எழுத்த தனியா பாக்காதீங்க, ஒரே எழுத்து சுத்தி சுத்தி வரும், அத சுத்தி இருக்கற கேடயத்தோட வடிவமும் எழுத்தோட பாணியும் சேந்தாதான் வருஷம் வரும். ஈபிஎன்எஸ்னு நாலு எழுத்தையும் தனித்தனி கட்டத்துல அடிச்சிருப்பாங்க, பாக்க முத்திரை மாதிரியே இருக்கும், அது வெறும் முலாம். டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு போட்டோ எடுங்க. பாலிஷ் போட்டு தேய்ச்சுராதீங்க, செஞ்சவங்க எழுத்து போச்சுன்னா திரும்ப வராது. பிறையும் கிரீடமும் 1888லேர்ந்து, கூட 800னு இருந்தா ஜெர்மனி.

கல்லுப்பிள்ளையார்:
ராத்திரிரயில் அண்ணா, பிறை-கிரீடம் சரி, ஆனா வெறும் 800ஐ பாத்து ஜெர்மனின்னு யாரும் முடிவு பண்ணிரக் கூடாது, இத்தாலிலயும் 800 உண்டு. எனக்கு வியன்னா நாஷ்மார்க்ட்ல ஒரு டீ ஸ்பூன் மாட்டுச்சு, 84னு இருந்துச்சு, விக்கறவரு 84 சதவீதம்னு அடிச்சு சொல்றாரு. ரஷ்யாவுல 96க்குத்தான் கணக்கு, 84னா 875 வெள்ளி. பக்கத்துல தலையணி போட்ட பொண்ணு தலை, வெளிச்சத்த சாய்ச்சதும் முகம் வலது பக்கம் பாக்கறது தெளிவா தெரிஞ்சுது. இடதுன்னா 1908க்கு முன்னாடி, வலதுன்னா 1908லேர்ந்து. கூடவே கிரேக்க டெல்டா, அப்போ மாஸ்கோ. செஞ்சவர் பேர்லதான் முட்டி நிக்கறேன், முதல் எழுத்து தேய்ஞ்சு போச்சு, ரெண்டாவது மட்டும் ரஷ்ய எழுத்துல ‘எல்’ மாதிரி தெரியுது. மாஸ்கோ பட்டறைங்க பத்தி தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க, போட்டோ போடறேன்.