கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஆளுக்கு ஒரு புத்தகம்: 4 வயசுல இருந்து 78 வரைக்கும் எதை வாங்க?

வடசேரி மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். வருஷா வருஷம் 24-ஆம் தேதி சாயங்காலம் எங்க சொந்தமெல்லாம் ஆச்சி வீட்டுல கூடுவோம். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, புதுத் துணி, விடியக்காலம் ஆராதனை. இந்தத் தடவை துணிக்குப் பதிலா ஆளுக்கு ஒரு கிறிஸ்துமஸ் புத்தகம் கொடுக்கணும்னு ஆசை.

கொழுந்தன் பையனுக்கு 4 வயசு, பெங்களூரு. தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. என் மகளுக்கு 9. நாத்தனார் மகனுக்கு 14, துப்பறியும் கதைன்னா உயிர். ஆச்சிக்கு 78, கண்புரை ஆபரேஷன் ஆனதுல இருந்து சின்ன எழுத்து வாசிக்க முடியல. போன வருஷம் ஆன்லைன்ல ஒரு செட் வாங்கினேன். அட்டை பளபளன்னு இருந்தது, உள்ள பக்கத்துக்கு ரெண்டே வரி. பிள்ளைங்க ஒரு நாள்ல ஓரமா வச்சிட்டாங்க. யாராவது வாசிச்சுப் பார்த்ததைச் சொல்லுங்களேன்.

காவிரிக்கரை:
ஆச்சிக்குன்னா கண்ணதாசனோட 'இயேசு காவியம்' வாங்குங்க. எளிமையான தமிழ், காதால கேட்டாலே புரியும். எங்க வீட்டுல 'தேம்பாவணி'யும் இருக்கு. வீரமாமுனிவர் சூசையப்பரை வளன்னு பேர் வச்சுப் பாட்டுடைத் தலைவனாக்கினது, 3,615 பாட்டு. உரையோட வாங்கினா தமிழ் ஆர்வம் உள்ள பெரியவங்களுக்கு நல்ல துணை.

பாளை நூலக டீச்சர்:
மருமகளே, பள்ளிக்கூட நூலகத்துல 31 வருஷம் இருந்தேன். டிசம்பர் வந்தா இந்தக் கேள்விதான் அதிகம் வரும். அட்டையில போட்டிருக்கிற வயசை விட்டுடுங்க. அந்தப் புத்தகத்தை யார் கையில வச்சிருப்பா, யார் பக்கத்துல உட்காருவா? அதை யோசிச்சு எடுங்க.

4 வயசுக்காரனுக்கு ரேமண்ட் பிரிக்ஸ் வரைஞ்ச 'தி ஸ்னோமேன்' (1978). ஒரு எழுத்து கிடையாது, முழுக்கப் படம். எழுத்தே இல்லாததால, நீங்க எந்த மொழியில சொல்றீங்களோ அதுதான் அதோட மொழி. நாகர்கோவில் தமிழ்லயே சொல்லுங்க. இன்னொண்ணு, கிறிஸ்துமஸ் தாத்தா 1982-ல வந்த கார்ட்டூன் படத்துலதான் வருவார், புத்தகத்துல தேடினா கிடைக்க மாட்டார். கடைசிப் பக்கத்துல பனிமனிதன் கரைஞ்சிடுவான். தொப்பியும் கழுத்துத் துணியும் மட்டும் கிடக்கும். ஒருநாள் யுகேஜி பையன் ஒருத்தன் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தான். அழப்போறான்னு நினைச்சேன். அவன் மெதுவா ஒவ்வொரு தாளாப் பின்னால புரட்டி, பனிமனிதன் நிமிர்ந்து நிக்கிற பக்கத்துக்கு வந்து, விரலை வச்சு, "டீச்சர், இங்க இருக்கான்"னு சொன்னான். அதனால கடைசிப் பக்கத்தை மறைக்காதீங்க. பக்கத்துல மட்டும் இருங்க.

மகளுக்கு டோல்கீனோட 'லெட்டர்ஸ் ஃப்ரம் ஃபாதர் கிறிஸ்துமஸ்'. 1920-ல இருந்து இருபது வருஷத்துக்கு மேல தன் பிள்ளைங்களுக்கு கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி கடிதம் எழுதி, வடதுருவ ஸ்டாம்பையும் தானே வரைஞ்சு ஒட்டினார். தாத்தா கையெழுத்து குளிர்ல நடுங்கும். கூடவே ஒரு துருவக்கரடி, அதோட எழுத்து தடித்தடியா இருக்கும். அவர் காலமான பிறகு 1976-லதான் புத்தகமாச்சு. கையெழுத்தும் படமும் அச்சான பதிப்பாப் பார்த்து எடுங்க. வெறும் எழுத்து மட்டும்னா பாதி போச்சு.

14-க்கு அகதா கிறிஸ்டியோட 'ஹெர்குல் பாய்ரோஸ் கிறிஸ்துமஸ்' (1938). பேர்ல கிறிஸ்துமஸ் இருக்குன்னு சின்னதுங்க கையில கொடுத்துடாதீங்க. உங்க கதையில வர்ற கொலையில ரத்தமே இல்லையேன்னு கிறிஸ்டியோட அக்கா வீட்டுக்காரர் குறைப்பட்டார்னு அவருக்காகவே எழுதினது, நிறையவே ரத்தம் இருக்கும். துப்பறியும் பையனுக்குச் சரியா இருக்கும்.

டிக்கன்ஸோட 'எ கிறிஸ்துமஸ் கரோல்' வாங்காம இருக்காதீங்க. 1843 டிசம்பர் 19-ல வந்தது, அஞ்சே அத்தியாயம். சுருக்கப் பதிப்பு வாங்குறது தப்பே இல்ல, மேடையில வாசிக்க டிக்கன்ஸே சுருக்கியிருக்கார். ஆனா கடையில நின்னே மூணாவது அத்தியாயத்தோட கடைசியைப் புரட்டிப் பாருங்க. கதையில வர்ற ஒரு ஆவியோட அங்கிக்குள்ள இருந்து எலும்பும் தோலுமா ரெண்டு பிள்ளைங்க வெளியே வரும்: அறியாமை, வறுமை. கதையோட உயிரே அந்த இடம். பயமா இருக்கும்னு அதை வெட்டின சுருக்கங்களை என் மேஜையில பார்த்திருக்கேன். அப்படி இருந்தா அலமாரியிலயே வச்சிட்டு வந்துடுங்க.

வடசேரி மருமகள்:
டீச்சர், அந்தப் பையன் விரல் வச்ச இடத்தை வாசிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. ஆச்சிக்கு இயேசு காவியம் முடிவு பண்ணிட்டேன். ஆனா எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்திருக்கும்போது கேட்கிற மாதிரி ஏதாவது இருக்கா? ஆச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது.

பாளை நூலக டீச்சர்:
ஓ. ஹென்றியோட 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்', 1905-ல வந்த சிறுகதை. உரிமைக் காலம் முடிஞ்சது, இணையத்துல காசில்லாமக் கிடைக்கும். சத்தமா வாசிச்சா கால் மணி நேரம். கையில ஒரு டாலர் 87 சென்ட்தான். புருஷனோட கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்க டெல்லா தன் முடியை 20 டாலருக்கு விக்கிறா. முடிவு தெரியாதவங்க வீட்டுல இருந்தா சொல்லிடாதீங்க.

14 வயசுக்காரனை முந்தின நாளே ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லுங்க. அப்புறம் ஆச்சி பக்கத்துல உட்கார்ந்து அவன் வாயால தமிழ்ல சொல்லட்டும். மேஜாய்னா கிழக்கேயிருந்து வந்த சாஸ்திரிகள்னு ஒரு வரி சொன்னாப் போதும், பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம்னு மிச்சத்தை ஆச்சியே எடுத்துக் கொடுப்பாங்க.

வடசேரி மருமகள்:
அவன்கிட்ட இப்பதான் போன்ல பேசினேன் டீச்சர். "ஆச்சி நடுவுல கேள்வி கேட்டா என்ன செய்யட்டும் அத்தை?"ன்னு கேக்கான். நிறுத்திட்டு பதில் சொல்லுன்னு சொல்லியிருக்கேன்.