நங்கூரமிட்ட கப்பல்களை இரவில் எடுக்க என்ன ஷட்டர் வேகம்?

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து, கடலில் நங்கூரமிட்டிருக்கும் சரக்குக் கப்பல்களை இரவில் படமெடுக்கிறேன். டிரைபாட், 70-200 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 8 (லென்ஸ் திறப்பு), ஷட்டர் 15 வினாடி. கரையோரப் பாறைகள் நல்ல ஷார்ப்பாக வருகின்றன, கப்பல் மட்டும் கலங்கிவிடுகிறது.

நங்கூரம் போட்டாலும் கப்பல் சும்மா நிற்பதில்லையே. அலையில் மெல்ல ஆடும், நீரோட்டம் மாறினால் முகப்பும் திரும்பும். பெரிதாக்கிப் பார்த்தால் முன்பக்க விளக்கு புள்ளியாக இல்லாமல் தூண்டில்முள் மாதிரி வளைந்து இழுபட்டிருக்கிறது. 2 வினாடிக்குக் குறைத்து ஐஎஸ்ஓவை ஏற்றினால் கப்பலின் இருண்ட பக்கமெல்லாம் நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளிகள்.

வெளிச்சமும் படுத்துகிறது. 100 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் நங்கூரத்தில் நிற்கும்போது மேல்தளத்தில் விளக்கெரிய வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. அந்த விளக்குகள் வெளுத்துப்போகின்றன. பக்கவாட்டுத் துருவும் கப்பலின் பெயரும் இருட்டில் மறைகின்றன. எனக்கு அந்தத் துருதான் முக்கியம்.

இங்கே அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். அந்த நீல வெளிச்சத்திலேயே எடுத்துவிடுவது நல்லதா? பல எக்ஸ்போஷர்களை, அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை இணைத்தால், ஆடும் கப்பல் ஒன்றோடொன்று பொருந்துமா? பாசிர் பாஞ்சாங் துறைமுகக் கிரேன்களையும் சேர்த்து எடுக்க லாப்ரடார் பூங்கா சரிப்படுமா? எடுத்த அனுபவம் உள்ளவர்கள் செட்டிங்ஸோடு ஒரு படம் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.