மறு: போல்யே – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். சுண்ணாம்புப் பாறை நீரில் கரைந்து உருவாகும் நிலத்தைக் 'கார்ஸ்ட்' என்பார்கள். அங்கே காணப்படும், நான்கு புறமும் அடைந்த தட்டையான தாழ்நிலம்தான் போல்யே (polje). அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'கார்ஸ்ட் பள்ளத்தாக்கு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். பள்ளத்தாக்கு என்றதும் ஆறு அறுத்த தாழ்நிலம், தண்ணீர் வெளியேற ஒரு பக்கம் வழி உண்டு என்றுதான் மாணவர் எடுத்துக்கொள்வார். போல்யேவுக்கு அந்த வழியே கிடையாது. சுற்றிலும் மேடு, நடுவில் தட்டையான நிலம். ஓடிவரும் ஆறு நிலத்துக்குள்ளேயே புகுந்து மறைந்துவிடும்.

இது மிகுதியாக இருப்பது டினாரிக் ஆல்ப்ஸில். ஸ்லோவேனியா முதல் அல்பேனியா வரை, ஏட்ரியாட்டிக் கடலை ஒட்டி வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீளும் மலைத்தொடர் அது. பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையும், அதற்கு நெருங்கிய வகையான டோலமைட் பாறையும். மாண்டினீக்ரோவில் கோட்டோர் வளைகுடாவுக்கு மேலே உள்ள சிர்க்விட்சேயில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 4,600 மி.மீ. மழை பெய்கிறது. இவ்வளவு பெய்தும் அந்த மலைகளின் மேல் ஓடையைப் பார்ப்பது அரிது. கரியமில வாயு கலந்த மழைநீர், பாறை வெடிப்புகளைக் கரைத்து அகலமாக்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுகிறது. அதில் ஒரு பகுதி கடலடி ஊற்றாகவே வெளிவருகிறது.

அந்த வறண்ட மலைகளுக்கு நடுவே மண் படிந்த இடம் போல்யேதான். அதனால் உழவும் அங்கேதான். வெள்ளத்துக்கு எட்டாமல் ஊர்கள் ஓரத்து மேட்டில் இருக்கும். போஸ்னியாவின் லிவ்னோ போல்யே 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. ஹெர்செகோவினாவின் பொப்போவோ போல்யேவில் முன்பெல்லாம் திரெபிஷ்னிட்சா ஆறு குளிர்கால மழைக்குப் பெருகும். பொனோர் எனப்படும் துளைகளால் அத்தனை நீரையும் உள்வாங்க முடியாமல் வயலெல்லாம் ஏரியாகும். கோடையில் உழுத இடத்தில் குளிர்காலத்தில் படகு விட்டு மீன் பிடித்தார்கள். பிறகு நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டி, ஆற்றுப் படுகையைக் காங்கிரீட்டால் பூசியதும் அந்த வாழ்க்கை போய்விட்டது. ஸ்லோவேனியாவின் செர்க்னிட்சாவில் இன்றும் ஏரி வந்து வந்து போகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் பரிந்துரை: சுண்ணவெளி.

அந்த ஊர் மொழிகளில் போல்யே என்றால் வயல், வெளி என்றுதான் பொருள். நமக்கும் வயல்வெளி உண்டு. உழவும் பரப்பும் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகின்றன.

> 'அடைவெளி' இன்னும் பொருத்தம். மூடிய நிலம் என்பதுதானே முக்கியம்?

மூடிய நிலம் பாலைவனத்திலும் உண்டு. அங்கே தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்குகிறது. இங்கே தண்ணீர் அடிவழியாகப் போகிறது. அதற்குக் காரணம் பாறை. வேறு பாறையாக இருந்திருந்தால் நீர் எப்போதும் தேங்கி நிலையான ஏரியாகியிருக்கும், அல்லது கரையை அறுத்துக்கொண்டு வெளியேறிப் பள்ளத்தாக்காகியிருக்கும். ஆகவே பெயரில் சுண்ணம் இருந்தாக வேண்டும். தவிர, 'அடைவெளி'யை அவசரத்தில் 'இடைவெளி' என்று அச்சடித்துவிடுவார்கள்.

'கரைவெளி' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கரைதல் என்ற பொருள் நல்லதுதான். ஆனால் பேசுவது கடலோர மலையைப் பற்றி. படிப்பவர் கடற்கரை என்றே நினைப்பார்.

சாதாரணச் சுண்ணாம்புப் பாறைச் சமவெளியோடு குழம்பாதா என்ற கேள்வி நியாயமானது. அதைச் 'சுண்ணாம்புச் சமவெளி' என்று முழுதாகவே எழுதலாம். 'சுண்ணவெளி'யைப் போல்யேவுக்கு மட்டும் ஒதுக்கி, 'நான்கு புறமும் அடைந்தது, அடிவழி வடிவது' என்று வரையறையில் சேர்த்துவிடுவோம்.

இதோடு பொனோருக்கு 'விழுங்குவாய்' என்று வைக்கலாம். சில துளைகள் கோடையில் நீரை விழுங்கும், மழைக்காலத்தில் அதே துளையே ஊற்றாகப் பொங்கும். அவற்றுக்கு 'இருவாய்' போதுமா, அல்லது ஊற்று என்ற சொல்லும் சேர வேண்டுமா? இதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. நிலத்தடி நீர்த் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.